கழிவுநீர்க் கசடை நிலத்தில் இடுவதற்கு முன்: மண் பரிசோதனையிலிருந்து பதிவேடு வரை

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் நீரைப் பிரித்தபின் தங்கும் கசடைப் பதப்படுத்தி உரமாக இடலாம் என்று நான் முதன்முதலில் விசாரித்தபோது, இரண்டு விதமான பதில்கள் மட்டுமே கிடைத்தன. காசில்லாமல் கிடைக்கும் அருமையான உரம் என்றார்கள் சிலர். தொடவே கூடாத நஞ்சு என்றார்கள் வேறு சிலர். எந்த ஆவணத்தைக் கேட்டு வாங்குவது, எத்தனை டன் இடுவது, இட்ட பிறகு எவ்வளவு காலம் காத்திருப்பது என்று எவரும் சொல்லவில்லை. முதல் ஆண்டில் கசடு இடுவதற்கு முன்னால் மண்ணைப் பரிசோதிக்காமல் விட்டுவிட்டேன். மூன்றாம் ஆண்டு பரிசோதித்தபோது துத்தநாகம் மிகுந்திருந்தது. அது கசடோடு வந்ததா, முன்பே மண்ணில் இருந்ததா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. புதிதாகத் தொடங்கும் உங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதற்காகவே இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

இங்கே நான் கசடு என்று சொல்வது, செரிமானக் கலன் (நுண்ணுயிர்கள் கசடைச் சிதைக்கும் தொட்டி), சுண்ணாம்பு, மட்கவைத்தல், வெப்ப உலர்த்தல் போன்ற ஏதாவது ஒரு முறையில் பதப்படுத்தப்பட்டதை மட்டுமே. கழிவுநீர்த் தொட்டியிலிருந்து நேரடியாக உறிஞ்சி எடுத்துவரும் சேற்றை எந்தக் காரணத்துக்காகவும் பயிர் நிலத்தில் விடாதீர்கள்.

1. உங்கள் நிலத்துக்கு இது பொருந்துமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கசடின் உண்மையான பலன் அதன் அங்ககப் பொருளில் இருக்கிறது. உலர் எடையில் பாதிக்கு மேல் அங்ககப் பொருளாக இருப்பது வழக்கம் என்பதால், அது சத்து வற்றிய மண்ணில் நீர் பிடிக்கும் திறனைக் கூட்டுகிறது, இறுகிய மண்ணை இளக்குகிறது, மண்ணில் வாழும் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. தழைச்சத்து (நைட்ரஜன்) பெரும்பாலும் உலர் எடையில் 3 முதல் 6 விழுக்காடு வரை இருக்கும். அதில் பெரும்பகுதி மெல்ல மெல்ல வெளிவரும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) தாராளமாகவும், துத்தநாகம், தாமிரம் போன்ற நுண்ணூட்டங்கள் போதுமான அளவிலும் கிடைக்கும். சாம்பல்சத்து (பொட்டாசியம்) மட்டும் மிகக் குறைவு. அது நீரில் கரைந்து சுத்திகரித்த நீரோடு போய்விடுவதால் அதைத் தனியாகவே இட்டாக வேண்டும்.

கீழே சொல்லும் நிலைமைகளில் ஒன்று இருந்தாலும் இந்தத் திட்டத்தைக் கைவிடுவதே நல்லது என்பது என் கருத்து. பச்சையாக உண்ணும் கீரை, காய், கிழங்கு வகைகளைப் பயிரிடும் நிலம். மழைக்காலத்தில் நீர் தேங்கும் அல்லது வெள்ளம் புகும் நிலம். நிலத்தடி நீர் மிக மேலாக இருக்கும் மணற்பாங்கான நிலம். மணிச்சத்து ஏற்கெனவே மிகுந்துள்ள நிலம். இயற்கை வேளாண்மைச் சான்று வைத்திருப்பவர்களும், அதைப் பெற எண்ணுபவர்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் தேசிய இயற்கை வேளாண்மை விதிகள் கழிவுநீர்க் கசடை முற்றிலும் தடை செய்கின்றன. ஒருமுறை இட்டாலும் சான்று போய்விடும்.

நிலம் குத்தகைக்கு எடுத்ததாக இருந்தால் உரிமையாளரின் எழுத்துமூல ஒப்புதலை வாங்குங்கள். விளைச்சலை வாங்குபவரிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கசடு இட்ட நிலத்தின் விளைபொருளை ஏற்காத கொள்முதல் ஒப்பந்தங்கள் உண்டு. அறுவடைக்குப் பிறகு அது தெரியவந்தால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

2. ஒரு கைப்பிடி கசடு விழும் முன்னரே மண்ணைப் பரிசோதியுங்கள்

நிலத்தில் 15 முதல் 25 இடங்களில், மேலிருந்து 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்து, நன்றாகக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ அளவுக்கு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். துத்தநாகப் பூச்சுள்ள தகர வாளியிலோ, பித்தளைக் கருவியாலோ எடுக்காதீர்கள். அந்தக் கருவியின் உலோகமே அறிக்கையில் வந்து நிற்கும். பிளாஸ்டிக் வாளியும் துருப்பிடிக்காத எஃகுக் கரண்டியும் போதும்.

வழக்கமான உரப் பரிசோதனையோடு நிறுத்திவிடாமல், கார அமில நிலை (pH), மின்கடத்தும் திறன், அங்ககக் கரிமம், பயிருக்குக் கிடைக்கும் மணிச்சத்து ஆகியவற்றையும், காட்மியம், ஈயம், நிக்கல், துத்தநாகம், தாமிரம், குரோமியம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றின் மொத்த அளவையும் கேளுங்கள். எல்லா ஆய்வகங்களும் கன உலோகங்களைப் பார்ப்பதில்லை. ஆகவே மாதிரியை அனுப்புவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். இந்த அறிக்கைதான் உங்கள் அடிப்படைக் கோடு. இதைத் தவறவிட்டால் திரும்பப் பெற வழியே இல்லை.

கார அமில நிலை 6-க்குக் கீழே இருந்தால் கசடை ஒத்திப்போட்டு முதலில் சுண்ணாம்பு இட்டு மண்ணைச் சீர்செய்யுங்கள். அமில மண்ணில் காட்மியம், துத்தநாகம், நிக்கல் ஆகியவை கரைந்து வேருக்குள் எளிதாக ஏறும், 6.5-க்கு மேல் அவை பெருமளவு மண்ணோடு பிணைந்துகொள்ளும். இதற்கு மாலிப்டினம் ஒரு விலக்கு. கார மண்ணில்தான் அது அதிகமாகப் பயிருக்குள் செல்லும். அப்படி விளைந்த தீவனத்தைத் தொடர்ந்து தின்னும் மாடுகளுக்குத் தாமிரக் குறைபாடு வரலாம். தீவனப் பயிர் வைப்பவர்கள் கசடில் மாலிப்டினத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

3. கசடு தருபவரிடம் ஆவணங்களைக் கேட்டு வாங்குங்கள்

வாய்வார்த்தையை ஏற்காதீர்கள். நான் முதன்முறை கேட்டபோது என் கையில் கொடுக்கப்பட்ட ஆய்வறிக்கை ஓராண்டுக்கு மேல் பழையது. அதில் இருந்த கசடுக்கும் என் நிலத்தில் இறங்கிய கசடுக்கும் தொடர்பே இல்லை. ஆகவே பின்வருவன கையில் வந்த பிறகே மேலே பேசுங்கள்.

முதலாவது, உங்களுக்கு வரப்போகும் அதே தொகுதியின், அதாவது ஒரே தடவையில் பதப்படுத்திய கசடின், ஆய்வறிக்கை. மாதிரி எடுத்த தேதி, தொகுதி எண், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் பெயர், எண்கள் உலர் எடையில் உள்ளனவா ஈர எடையில் உள்ளனவா என்ற குறிப்பு ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். இரண்டாவது, கிருமி நீக்கச் சான்று. எந்த முறையில், எத்தனை டிகிரியில், எத்தனை நாள் பதப்படுத்தினார்கள் என்ற பதிவோடு. மூன்றாவது, அந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு எந்தெந்தத் தொழிற்சாலைகளின் கழிவுநீர் வந்து சேர்கிறது என்ற பட்டியல். நான்காவது, உங்கள் பகுதியின் சுற்றுச்சூழல் அல்லது வேளாண் துறையின் அனுமதி. அதை எடுப்பது யார் பொறுப்பு என்பது நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், துறையிடமே நேரில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஆவணத்தைத்தான் பலர் தரத் தயங்குவார்கள். நான் அதைத்தான் மிகவும் வற்புறுத்துவேன். வீடுகளின் கழிவுநீர் மட்டும் வரும் நிலையத்தின் கசடும், மின்முலாம் பூசும் பட்டறை, தோல் பதனிடும் ஆலை, சாய ஆலை ஆகியவற்றின் கழிவும் கலந்து வரும் நிலையத்தின் கசடும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டாலும் ஒரே பொருள் அல்ல. ஒட்டாத பூச்சு, நீர்புகாத் துணி, தீயணைப்பு நுரை போன்றவற்றில் பயன்படும் ‘பீஃபாஸ்’ எனப்படும் ஃப்ளோரின் சேர்மங்கள் செரிமானக் கலனிலோ மட்கவைப்பதிலோ அழிவதில்லை. மண்ணில் தங்கி நிலத்தடி நீருக்கும் போகின்றன. அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2022-இல் கசடை நிலத்தில் இடுவதைத் தடை செய்ததற்கு இதுவே காரணம். சுவிட்சர்லாந்து 2006-லேயே வேளாண் நிலத்தில் கசடு இடுவதை முழுவதுமாக நிறுத்திவிட்டது. வழக்கமான கன உலோகப் பரிசோதனையில் இந்தச் சேர்மங்கள் தெரியாது. தனிப் பரிசோதனை வேண்டும், அதன் கட்டணமும் அதிகம். தொழிற்சாலைப் பட்டியல் சந்தேகத்துக்கு இடமளித்தால், அந்தப் பரிசோதனை இல்லாமல் கசடை ஏற்காதீர்கள்.

4. அளவை உலர் எடையில் கணக்கிடுங்கள்

புதியவர்கள் அதிகமாகத் தவறுவது இங்கேதான், நானும் தவறினேன். அறிக்கையில் இருக்கும் விழுக்காடுகள் உலர் எடைக்கு உரியவை, லாரியில் வருவதோ முக்கால் பங்கு தண்ணீர். கணக்கில் வந்த உலர் டன்னை அப்படியே ஈர டன்னாக எண்ணி இட்டதால், பயிருக்குத் தேவையான தழைச்சத்தில் கால் பங்குகூடப் போய்ச்சேராமல் பயிர் வெளிறிப்போனது.

ஒரு எடுத்துக்காட்டைப் படிப்படியாகப் பாருங்கள். ஒரு ஹெக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அறிக்கையின்படி திடப்பொருள் 22 விழுக்காடு, மொத்தத் தழைச்சத்து 4.5 விழுக்காடு, அதில் அம்மோனிய வடிவில் இருப்பது உலர் எடையில் 0.8 விழுக்காடு. எனவே ஒரு உலர் டன்னில் அங்கக வடிவில் 37 கிலோவும் அம்மோனிய வடிவில் 8 கிலோவும் தழைச்சத்து இருக்கிறது. காற்றில்லாச் செரிமானம் ஆன கசடில் அங்ககத் தழைச்சத்தின் சுமார் 20 விழுக்காடுதான் முதல் ஆண்டில் பயிருக்குக் கிடைக்கும், அதாவது 7.4 கிலோ. மட்கவைத்த கசடு என்றால் இந்தப் பங்கு சுமார் 10 விழுக்காடாகக் குறையும். அம்மோனிய வடிவில் உள்ளதோ, கசடை உடனே உழுது மண்ணுக்குள் சேர்த்தால் ஏறத்தாழ முழுவதும் தங்கும். மேலேயே விட்டால் பாதி காற்றில் போய்விடும் என்று கணக்கிடுவது வழக்கம்.

உடனே உழுபவருக்கு ஒரு உலர் டன்னிலிருந்து 15.4 கிலோ கிடைக்கும்; ஹெக்டேருக்கு 6.5 உலர் டன், அதாவது லாரியில் ஏறத்தாழ 29.5 டன் வேண்டும். மேலேயே விடுபவருக்கு 11.4 கிலோதான் கிடைக்கும். அவருக்கு ஏறத்தாழ 40 டன் தேவைப்படும். உழவுக்கு ஆகும் செலவை இந்தப் பத்து டன் வித்தியாசத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

கணக்கு இத்துடன் முடிவதில்லை. அதே கசடில் பாஸ்பரஸ் 2.3 விழுக்காடு என்றால், 6.5 டன்னோடு சுமார் 150 கிலோ பாஸ்பரஸ் நிலத்தில் சேர்கிறது. ஒரு தானிய அறுவடை எடுத்துச் செல்வது பொதுவாக 15 முதல் 25 கிலோ மட்டுமே. தழைச்சத்தை மட்டும் பார்த்து ஆண்டுதோறும் இட்டால் மணிச்சத்து மலைபோல் குவிந்து, மழைநீரோடு ஓடிக் குளத்தையும் ஏரியையும் பாசியால் மூடும். ஆகவே ஒருமுறை இட்ட நிலத்தில் மீண்டும் இடச் சில ஆண்டுகள் இடைவெளி விடுங்கள். அல்லது குறைவாக இட்டு, மீதித் தழைச்சத்தை வேறு உரத்தால் நிரப்புங்கள். அறிக்கையில் இருப்பது பாஸ்பரஸா, பாஸ்பரஸ் பென்டாக்சைடா என்பதையும் பாருங்கள். பின்னதாக இருந்தால் 0.44-ஆல் பெருக்கினால்தான் பாஸ்பரஸ் அளவு வரும்.

5. ‘வரம்புக்குள் இருக்கிறது’ என்ற சொல்லோடு நிறைவடையாதீர்கள்

உங்களைக் கட்டுப்படுத்துவது உங்கள் நாட்டு விதிதான். இருந்தாலும் எண்களைப் படிக்கப் பழகுவதற்கு இரண்டு அளவுகோல்கள் உதவும். 1993-இல் வந்த அமெரிக்க விதி, உயர்தரக் கசடில் ஒரு கிலோ உலர் எடைக்குக் காட்மியம் 39, ஈயம் 300, பாதரசம் 17, நிக்கல் 420, தாமிரம் 1500, துத்தநாகம் 2800 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. 1986-ஆம் ஆண்டின் ஐரோப்பிய நெறிமுறை கசடோடு நிற்காமல், மண்ணில் எவ்வளவு சேரலாம் என்பதற்கும் எல்லை வைக்கிறது: காட்மியத்துக்கு மண்ணில் கிலோவுக்கு 1 முதல் 3 மில்லிகிராம், ஆண்டுக்கு ஹெக்டேருக்குப் பத்தாண்டுச் சராசரியில் 150 கிராம்.

இப்போது நம் 6.5 டன்னை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஹெக்டேரில் 15 செ.மீ. ஆழ மேல்மண்ணின் எடை சுமார் 2,000 டன். கசடில் காட்மியம் 5 மில்லிகிராம் என்றால் ஒருமுறைக்கு 32.5 கிராம் சேரும். மண்ணில் அது கிலோவுக்கு 0.016 மில்லிகிராம் ஏற்றம். மண்ணில் முன்பே 0.3 இருந்தால், 1-ஐத் தொட நாற்பது தடவைக்கு மேல் இட வேண்டியிருக்கும். அதே கசடில் 39 மில்லிகிராம் இருந்தால் ஒருமுறைக்கே 253 கிராம் சேரும். ஆறாவது தடவையில் 1-ஐத் தாண்டிவிடும். இரண்டு கசடுகளுமே அமெரிக்க வரம்புக்குள் இருப்பவைதான். அறிக்கையின் அடியில் இருக்கும் ‘ஏற்கத்தக்கது’ என்ற ஒற்றைச் சொல் இந்த வேறுபாட்டை உங்களுக்குச் சொல்லாது. காட்மியம் போன்ற உலோகம் மட்கிப் போவதில்லை, ஆவியாவதில்லை, இட்டது இட்டதுதான். கீரை வகைகளும் புகையிலையும் காட்மியத்தை மற்றப் பயிர்களைவிட அதிகமாக இலையில் சேர்த்துக்கொள்பவை என்பதையும் மனத்தில் வையுங்கள்.

6. கிருமி நிலையைப் பார்த்துக் காத்திருப்புக் காலத்தைக் குறியுங்கள்

அமெரிக்க விதி கசடை இரண்டு வகுப்புகளாகப் பிரிக்கிறது. ‘ஏ’ வகுப்பில் நோய்க்கிருமிகள் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைக்கப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, வரிசைக் குவியலாக மட்கவைப்பதென்றால் 55 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 15 நாள் இருந்து, அதற்குள் ஐந்து முறை புரட்டப்பட்டிருக்க வேண்டும். ‘பி’ வகுப்பில் கிருமிகள் குறைந்திருக்குமே தவிர நீங்கியிருக்காது; மீதியை வெயிலும் காலமும் அழிக்க வேண்டும் என்பதால்தான் காத்திருப்பு விதிக்கப்படுகிறது.

‘பி’ வகுப்புக் கசடு இட்ட நிலத்தில், தரைக்கு மேல் விளைந்தாலும் மண்ணைத் தொடும் உணவுப் பயிரை 14 மாதம் வரை அறுவடை செய்யக் கூடாது. மண்ணுக்குள் விளையும் கிழங்குக்குக் காலம் இன்னும் நீளும்: கசடு நான்கு மாதமாவது மண்ணின் மேற்பரப்பில் கிடந்த பிறகு உழுதிருந்தால் 20 மாதம், அதற்கு முன்பே உழுதிருந்தால் 38 மாதம். உடனே உழுதால் தழைச்சத்து தங்கும் என்று மேலே சொன்னேன். ஆனால் கிழங்குப் பயிர் வைப்பவருக்கு அதுவே காத்திருப்பை நீட்டிவிடும். மண்ணைத் தொடாத மற்றப் பயிர்களுக்கும் கால்நடை மேய்ச்சலுக்கும் 30 நாள். காத்திருப்புக் காலம் முழுவதற்குமான பயிர்த்திட்டத்தைத் தாளில் எழுதிவைத்த பிறகே கசடுக்குச் சம்மதம் சொல்லுங்கள்.

உருண்டைப்புழுவின் முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியவை. புழுத்தொற்று பரவலாக உள்ள பகுதி என்றால் அந்த எண்ணிக்கையைத் தனியாகக் கேளுங்கள். பதப்படுத்திய மலக்கசடில் ஒரு கிராம் திடப்பொருளுக்கு ஒரு முட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

7. செலவை எழுத்தில் பிரித்துக்கொள்ளுங்கள்

கசடு இலவசமாகக் கிடைத்தாலும் அதை இடுவது இலவசமாக முடிவதில்லை. முதல் பெரும் செலவு போக்குவரத்து; 22 விழுக்காடு திடப்பொருள் உள்ள கசடில் ஒவ்வொரு டன்னிலும் 780 கிலோ தண்ணீரைத்தான் சுமந்து வருகிறீர்கள். அதனால் நிலையத்திலிருந்து நிலம் தூரமாக ஆக ஆக, உலர்த்திய கசடுக்கு விலை கொடுப்பதுகூட லாபமாகிவிடும். அடுத்து மண், கசடுப் பரிசோதனைக் கட்டணங்கள், பரப்பும் இயந்திர வாடகை, உழவு, சுண்ணாம்பு, சாம்பல்சத்து உரம், வேலையாட்களின் கையுறை, காலணி, முகக்கவசம். காத்திருப்பில் தவறவிடும் ஒரு பருவப் பயிரையும் செலவாகவே எழுதுங்கள்.

கசடை அப்புறப்படுத்துவது நிலையத்துக்குச் செலவு மிக்க பொறுப்பு. ஆகவே போக்குவரத்தையும் பரிசோதனையையும் அவர்கள் ஏற்க வேண்டும் என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். தரம் தவறிய தொகுதி வந்தால் திரும்ப எடுத்துச் செல்வது யார் செலவில் என்ற வரியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

8. இறக்கும் நாளும் பரப்பும் நாளும்

மாதிரி அனுப்புவது, முடிவு வருவது, அனுமதி, ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் சேர்த்து, விதைப்புக்கு மூன்று மாதம் முன்பே தொடங்கினால் அவசரப்பட வேண்டியிருக்காது. மழை எதிர்பார்க்கப்படும் வாரத்தில் லாரியை வரவழைக்காதீர்கள். கிணறு, வாய்க்கால், ஓடை ஆகியவற்றிலிருந்து தள்ளி, சமதளத்தில் இறக்கிக் கெட்டியான விரிப்பால் மூடுங்கள். அமெரிக்க விதியில் நீர்நிலையிலிருந்து குறைந்தது 10 மீட்டர் என்று இருக்கிறது. சரிவான நிலத்தில் அது போதாது என்பதே என் அனுபவம். குவியலை நாள்கணக்கில் விட்டுவைத்தால் துர்நாற்றமும் ஈயும் பெருகி, அக்கம்பக்கத்தாரின் நியாயமான கோபத்துக்கு ஆளாவீர்கள். இடப்போகும் நாளை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பரப்பும் அளவு சரியா என்று அறிய, 10 சதுர மீட்டர் விரிப்பு ஒன்றைத் தரையில் விரித்து, இயந்திரத்தை அதன்மேல் பரப்பிச் செல்லவிட்டு, விழுந்த கசடை நிறுத்துப் பாருங்கள். ஹெக்டேருக்கு 29.5 டன் என்றால் அந்த விரிப்பில் 29.5 கிலோ விழ வேண்டும். பரப்பிய அன்றே, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள், உழுதுவிடுங்கள். உப்பும் அம்மோனியாவும் முளைப்பைக் கெடுக்கும் என்பதால் விதைக்க இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். வேலை செய்பவர்கள் கை கழுவாமல் உண்ணவோ குடிக்கவோ கூடாது. ஆறாத புண் உள்ளவரை இந்த வேலையில் ஈடுபடுத்தாதீர்கள். உலர்ந்த கசடு தூசியாகப் பறக்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

9. பதிவேடு

ஒவ்வொரு முறையும் தேதி, தொகுதி எண், நிலத்தின் எந்தப் பகுதி, ஈர டன், திடப்பொருள் விழுக்காடு, உலர் டன், அன்றைய வானிலை, அறுவடைக்கு அனுமதிக்கப்பட்ட தேதி ஆகியவற்றை எழுதி, அறிக்கைகளின் நகல்களோடு சேர்த்து வையுங்கள். ஒவ்வொரு கன உலோகத்துக்கும் இதுவரை சேர்ந்த மொத்த அளவைக் காட்டும் தனிப் பத்தி ஒன்று வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதே இடங்களில், அதே ஆழத்தில், முடிந்தால் அதே ஆய்வகத்தில் மண்ணைப் பரிசோதித்து, முதல் அறிக்கைக்குப் பக்கத்திலேயே அந்த எண்களை எழுதுங்கள். நிலத்தை விற்கும்போதோ குத்தகை முடிந்து திருப்பிக் கொடுக்கும்போதோ இந்தப் பதிவேட்டின் ஒரு நகலையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். அடுத்து அந்த மண்ணில் பயிர் வைப்பவருக்கு அதில் என்ன இடப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்ல வேறு ஆவணம் இருக்காது.